கவ்வியில் அறுந்தவை

அலுவலகத்தில் எனக்கு அபசகுனம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி பேச்சு நின்று மறுபடி தொடங்குமே, அந்த இடைவெளியில் அந்தப் பெயர் நன்றாகவே காதில் விழும். என் வேலை அப்படி. பூமிக்கும் விண்வெளிக்கும் நடுவில் ஒரு நாடாவைக் கட்டி அதில் வண்டி விடலாம் என்று ஊர்ப்பட்ட பேர் ராப்பகலாக உழைக்கும் இடத்தில், அது எப்படியெல்லாம் அறுந்து விழும் என்று யோசிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். அபாயப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும்.

முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில், முடியும் என்பதுதான். பலரும் நினைப்பது போல இது கீழிருந்து எழுப்பும் கோபுரம் அல்ல. மேலிருந்து தொங்கவிடும் நாடா. அதன் மேல் முனை வெகு தொலைவில் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. சுழற்சி அதை வெளியே இழுக்கிறது, பூமி உள்ளே இழுக்கிறது, நடுவில் நாடா விறைப்பாக நிற்கிறது. அவ்வளவுதான் சங்கதி. எஃகில் செய்தால் தன் பாரத்தைத் தானே தாங்காமல் அறுந்துவிடும். கரியிலிருந்து எடுத்த ஒரு மெல்லிய இழை வந்த பிறகுதான் இது கனவிலிருந்து வேலையாக மாறியது.

மின்னல் அடிக்கும், புயல் அசைக்கும், மேலே சுற்றும் பழைய உடைசல்கள் வந்து மோதும். இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தோம். நாடாவின் கீழ் முனையைக் கட்டும் மேடையைக் கடலில் அமைத்தோம். தேவைப்பட்டால் அதை நகர்த்தி நாடாவை ஒதுக்கலாம். மின்னல் ஓய்ந்த பருவத்தில் மட்டும் ஏற்றம். சரக்கு வண்டிகள் பலமுறை ஏறி இறங்கிவிட்டன. அடுத்தது மனிதன். காற்று தீர்ந்துபோகும் உயரத்துக்கு மேலே போய், ஒரு நாள் தங்கி, இறங்கி வர வேண்டும். நடுவில் அறுந்தால் வண்டி விழும். பாராசூட் குடை உண்டு. ஆனால் குடை விரியக் காற்று வேண்டும்; அங்கே காற்று கிடையாது. காற்று இருக்கும் இடத்துக்கு அந்த வேகத்தில் வந்து சேர்ந்த பிறகு குடை என்ன செய்யும் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

அந்த முதல் மனிதன் என் தம்பி.

சின்ன வயதில் அவனைக் காணவில்லை என்றால் நாங்கள் யாரும் தரையில் தேடமாட்டோம். தண்ணீர்த் தொட்டி மேல், மரத்தில், பக்கத்து வீட்டு மதிலில் என்று எங்காவது உட்கார்ந்திருப்பான். அவன் தேர்வானதை அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது இதுதான்: "லிஃப்ட்டுதானேடா? நம்ம வீட்டு லிஃப்ட்டே மூணாவது மாடியில நின்னுக்குது. அங்க நின்னா யாருடா வந்து கதவைத் திறப்பா?"

"அதுக்குத்தாம்மா அக்காவை வேலைக்கு வெச்சிருக்காங்க" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம்.

ஏற்றத்துக்கு முன்னால் எங்கள் மேடையில் ஒரு முறை உண்டு. சுற்று என்போம். ஒவ்வொரு பிரிவாகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அந்தப் பிரிவின் தலைவர் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்பார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயே பதில் சொல்வார்கள். பதில் சரியாக இருந்தால் வேலை தொடரும். கடைசியாக, ஏறுபவரைக் கேட்பார்கள். அவர் சொல்லக்கூடிய ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்ல முடியாது. அது பயம். பயம் என்றால் ஏற்றம் அன்றோடு ரத்து. அவர் எதைக் கண்டு பயந்தாரோ அதை விசாரித்துச் சோதித்துக் காட்டும் வரை வேறு யாரையும் ஏற்றக் கூடாது. பயந்தவரை அதன் பிறகு எதிலும் ஏற்றமாட்டார்கள். பயிற்சியில் இதைச் சொல்லித்தரும்போது எல்லோரும் சிரிப்பார்களாம்.

பார்வையாளர்கள் வந்தால் இழுவைக் கூடத்தைக் காட்டுவோம். கூடத்தின் நடுவில் ஆளுயர இயந்திரம். மேலே ஒரு கவ்வி, கீழே ஒரு கவ்வி. விரலகல நாடாத் துண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவில் பொருத்தி, அறும் வரை இழுப்பார்கள். எவ்வளவு பாரத்தில் அறுந்ததோ அதுதான் அதன் பலம். துண்டு நடுவில் அறுந்தால்தான் கணக்கு. கவ்வி பிடித்திருக்கும் இடத்திலேயே அறுந்தால் அந்தச் சோதனை செல்லாது. நூலைப் பல்லில் வைத்து இழுத்தால் பல் பட்ட இடத்தில்தான் அறும். அதற்கு நூலை எப்படிக் குறை சொல்வது? அதனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டை மாட்டுவார்கள். நான் படித்த பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

ஏற்றத்துக்கு முன்பு ஒருநாள் அப்படி ஒரு கூட்டம் வந்தபோது, முதலில் மாட்டிய துண்டு கவ்வியில் அறுந்தது. சத்தத்தில் பார்வையாளர்கள் துள்ளிவிட்டார்கள். கூடத்தின் பொறுப்பாளர், நல்ல மனிதர், வாய்தான் ஓயாது, துண்டைத் தகர டப்பாவில் போட்டபடி, "இது கணக்குல வராதுங்க. கவ்வி கடிச்சிருச்சு" என்றார். இரண்டாவது துண்டு நடுவில் அறுந்தது. கை தட்டினார்கள்.

தம்பி ஏற்ற உடுப்போடு ஓரமாக நின்றிருந்தான். அவனையும் காட்டுவதற்காகத்தான் வரவழைத்திருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், "உங்க வண்டி எப்படித் தம்பி ஏறும்? நாடாவுல பல்லு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"பல்லெல்லாம் இல்லீங்க. ரெண்டு பக்கமும் உருளை வெச்சு இறுக்கிப் பிடிச்சு ஏறுவோம்" என்று சொல்லி, இயந்திரத்தைப் பெருமையாகத் தட்டினான். "இதோ, இந்தக் கவ்வி மாதிரிதான்னு வெச்சுக்கங்களேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிய தலை நடுவில் நின்றுவிட்டது. கூட்டம் வெளியேறிய பிறகு டப்பாவை எட்டிப் பார்த்தேன். அது விளிம்பு வரை நிறைந்திருந்தது.

தலைமைப் பொறியாளரை நாங்கள் ஆகாயம் என்போம். பேசும்போது எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தே பேசுவார். கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"சரக்கு வண்டி எவ்வளவு தடவை ஏறி இறங்கிருக்கு. ஏதாவது ஆச்சாம்மா?"

"அது கனம் கம்மி சார். ஆள் வண்டி அதைவிட ரொம்பக் கனம். வழுக்காம இருக்கணும்னா உருளை இன்னும் பலமா அழுத்தணும். அந்த அழுத்தத்துல நாடா என்ன ஆகும்னு யாராவது பாத்திருக்கோமா?"

"நாடாவைச் சோதிச்சாச்சு. உருளையையும் சோதிச்சாச்சு."

"தனித்தனியா சோதிச்சோம் சார். சேர்த்து வெச்சுப் பாக்கல. உருளை பிடிச்ச இடத்துல அறுந்தா என்னன்னு நமக்குச் சொல்லக்கூடிய துண்டு எல்லாத்தையும் டப்பாவுல போட்டுட்டோம்."

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார். அது அபூர்வம். "மின்னல் பருவம் வரப்போகுது. இப்ப விட்டா அடுத்த வருஷம்தான். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. ஏறப் போறது வேற யாராவதா இருந்தா இது உங்க கண்ணுல பட்டிருக்குமா?"

பட்டிருக்கும் என்றேன். அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

"அக்காவா பேசறீங்க. அதுல தப்பில்ல, நானா இருந்தாலும் அப்படித்தான். ஆனா அதை நான் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. இந்தத் தடவை சுற்றுல உங்களுக்குப் பதிலா உதவியாளர் உக்காரட்டும். உங்களுக்கும் நிம்மதி."

கணக்கில் வராது. கூடத்தில் கேட்ட அதே வார்த்தை. நான் தம்பியை இறுகப் பிடித்திருக்கிறேன், அதனால் நான் சொல்வது செல்லாது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். ஆத்திரத்தில் அழுதேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்ட கேள்வி மட்டும் உள்ளே முள்ளாகக் குத்தியது. வேறு யாராவது ஏறுவதாக இருந்தால் என் கண்ணில் பட்டிருக்குமா? நேர்மையான பதில் இன்று வரை என்னிடம் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டதால் படியேறிப் போனேன். தம்பி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"சார்கிட்ட போய்ப் பேசினியாக்கா?"

"பேசினேன்."

"மேடையில எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு மாற்று ஆளா இருக்கே அந்தப் பொண்ணு, அதுகூட 'அண்ணா, அக்கா அனுமதி குடுத்துட்டாங்களா'ன்னு கேக்குது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

சொன்னேன். கவ்வி, உருளை, டப்பா எல்லாவற்றையும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "டப்பா நிறையவா?" என்று கேட்டான்.

"நிறைய."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "தாங்குமா தாங்காதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றான்.

"தெரியாதுடா. அதான் விஷயமே. யாருக்குமே தெரியாது."

"தெரியாதுங்கறதுக்காக நான் நின்னுடணுமா? இதுல தெரிஞ்சது என்ன இருக்கு? தெரியாததுக்குத்தானேக்கா முதல்ல ஒருத்தன் போறான்?" குரல் ஏறிவிட்டது. "அடுத்த வருஷம்னா எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் கூப்பிடமாட்டாங்க. வீடு வேணும், வாசல் வேணும்னு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா? எனக்கு இது ஒண்ணுதான். இதுலயும் வந்து கையை வெக்கறே."

"சாப்பிடற நேரத்துல என்னடி பேச்சு" என்று அம்மா என்னைத்தான் அதட்டினாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். போயிட்டு வரேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான். படியில் அவன் இறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

ஏற்றத்தன்று என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். பேச்சுரிமை இல்லாதவர்களுக்கான இடம். உள்ளே நடப்பது ஒலிபெருக்கியில் கேட்கும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. பெரிய திரையில் தம்பி வண்டிக்குள் உட்கார்ந்து தோள்வாரைச் சரிசெய்வது தெரிந்தது. விடியலில் இரண்டு தட்டு சாப்பிட்டான், கை துளி நடுங்கவில்லை என்று அந்த மாற்று ஆள் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"வானிலை?"

"போகலாம்."

"நாடா?"

"போகலாம்."

"உருளை?"

"போகலாம்."

"அபாயம்?"

என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உதவியாளர் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. "போகலாம்" என்றார். மருத்துவரும் போகலாம் என்றார். நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். ஏதாவது செய் என்று யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

"ஏறுபவர்?"

பதில் வரவில்லை. ஒலிபெருக்கி பழுதோ என்று ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கேட்டார்கள்.

"வேண்டாம்" என்றான் தம்பி.

ஆகாயம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "காரணம்?"

"பயமா இருக்கு."

அறையில் சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்தவர்கள் மாதிரி. திரையில் அவன் வாரைக் கழற்றத் தொடங்கியிருந்தான். நிதானமாக, ஒவ்வொரு கொக்கியாக. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறான் என்று முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம் தோன்றியது.

விசாரணையில், எதைக் கண்டு பயம் என்று கேட்டார்கள். உருளை நாடாவைப் பிடிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றான். யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் விதி விதிதான். வண்டியின் உருளைகளைக் கழற்றி இழுவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஆள் வண்டிக்கு வேண்டிய அழுத்தத்தில் நாடாவைக் கவ்வ வைத்து, இழுத்தார்கள். சில துண்டுகள் தாங்கின. சில தாங்கவில்லை. தாங்காதவை எல்லாம் உருளை பிடித்த இடத்திலேயே அறுந்தன, வண்டியின் பாரத்துக்கு அருகில்கூட வராமல். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆகாயத்தின் தோள் தூக்கிப் போட்டது. கடைசித் துண்டை அவரே குனிந்து எடுத்துப் பார்த்தார். டப்பா எங்கே என்று கண்கள் தேடின. பிறகு அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் வந்து வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். அதற்குக்கூட எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று ஏறியிருந்தால் அறுந்திருக்குமா என்று கேட்டால் தெரியாது என்றுதான் இன்றும் சொல்வேன். உருளைகளை எடுத்துவிட்டு, நாடாவை நீளமாக, மென்மையாகப் பிடிக்கும் பட்டைகளை வைத்தார்கள். கவ்வியில் அறுந்த துண்டும் இனிக் கணக்கில் வரும் என்று விதியை மாற்றினார்கள்.

தம்பிக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு அடித்த அதிர்ஷ்டத்தால் எல்லோரும் தப்பித்தோம் என்று பேசிக்கொண்டார்கள். கேண்டீனில் அவனுக்குத் தரை என்று பெயர் வந்தது. என்னைப் போல முதுகுக்குப் பின்னால் இல்லை. "வாங்க தரை, உக்காருங்க" என்று முகத்துக்கு நேரேதான். அவனும் சிரித்துக்கொண்டே உட்காருவான். இழுவைக் கூடத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவுக்கு அவன் உயிரோடு இருப்பதே போதும். "பயந்தானே, நல்ல வேளை" என்று போன இடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். உண்மையிலேயே பயந்தாயா என்று நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் தாங்கமாட்டேன் என்று பட்டது.

அடுத்த பருவமும் போய், அதற்கடுத்த பருவத்தில் அந்த மாற்று ஆள் ஏறினாள். காலையில் அவளுக்குத் தோள்வார் மாட்டிவிட்டது தம்பிதான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, கடைசி நிமிஷத்துல பயமா இருந்தா நிஜமாவே சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா சொல்லு. உயிர் போகாது, பேருதான் போகும்." கொக்கியை இழுத்துப் பார்த்தான். "ஆனா உனக்குத் தேவைப்படாது. பட்டையை நானே இழுத்துப் பாத்திருக்கேன். போயிட்டு வா."

இந்த முறை என் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அபாயம் என்று கேட்டபோது, போகலாம் என்றேன். அவளும் போகலாம் என்றாள்.

வண்டி கிளம்பிய பிறகு வெளியே வந்தேன். தம்பி மேடை விளிம்பில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாடா கண்ணுக்கே தெரியாது. வெயில் பட்டு மின்னும் ஒரு புள்ளி மட்டும் மேலே மேலே போனது. பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை நாள் வாயில் அடைத்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நிஜமாவே பயந்தியாடா அன்னைக்கு?"

"இல்லக்கா" என்றான், பார்வையை எடுக்காமல். "நீ டப்பா நிறையன்னு சொன்னியே, அப்பவே நம்பிட்டேன். ஆனா கவ்வி, உருளைன்னு நான் ஆரம்பிச்சா, அக்கா சொல்லிக் குடுத்ததுன்னு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டு ஏத்தி விட்டிருப்பாங்க. நான் நைசா கழண்டுக்கிட்டா இந்தப் பொண்ணை ஏத்தியிருப்பாங்க. யாராலயும் பதில் சொல்ல முடியாததா ஒண்ணு வேணும்னு பாத்தேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏண்டா என்மேல அவ்வளவு கோவம்?"

"கோவம் வராதா பின்ன?" என்றான். புள்ளி கண்ணுக்கு மறைந்துவிட்டது. அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஏறணும்னு இருந்துச்சுக்கா. இப்பவும் இருக்கு."